ஆற்றுவாய் மூடிக் கிடந்த கணக்கு

பஸ் நின்றது. டென்மார்க்கிலிருந்து வந்த பேராசிரியர் ஹென்ரிக் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் வங்கதேசத்துப் பிள்ளைகள், நேபாளத்துப் பிள்ளைகள், வியட்நாமியப் பிள்ளைகள், தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள், கடைசியாக எங்கள் பிள்ளைகள். கச்சான் காற்று மண்ணை அள்ளி எல்லோருடைய கண்ணிலும் பாரபட்சமில்லாமல் போட்டது.

யோகராணி மட்டும் இறங்கவில்லை.

யன்னலோரம் உட்கார்ந்து கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு மணல்மேடு. மேட்டுக்கு அப்பால் முகத்துவாரம், அதாவது எங்கள் மட்டக்களப்பு வாவி கடலைத் தொடும் இடம். அங்கே மணல் இருந்தால் நாங்கள் யோக்கியர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் களவுக்காரர். பஸ்ஸிலிருந்து பார்த்தால் இரண்டில் எது என்று தெரியவில்லை.

"நீங்க போங்க அக்கா. நான் பிறகு வாறன்," என்றாள்.

அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுனாமிக்குப் பிறகு அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

பென்சில் மட்டும்

இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். நான் எங்கள் வளாகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர். கோட்பாட்டுப் பௌதிகத்தில் மாணவர்களுக்கென்று ஒரு சர்வதேசப் போட்டி ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாட்டில் நடக்கும். அந்த வருடம் நடத்தவேண்டிய நாடு கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. யார் எடுத்து நடத்துகிறீர்கள் என்று எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் "நாங்கள்" என்று பதில் போட்டுவிட்டேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று என் அம்மா சொல்லாத நாளில்லை. எனக்கோ காலை விட்டுத்தான் ஆழம் பார்த்துப் பழக்கம்.

போட்டியின் விதிகள் எளிமையானவை. ஒவ்வொரு குழுவையும் ஓர் அறைக்குள் விடவேண்டும். பென்சில், தாள், கரும்பலகை, அவ்வளவுதான். புத்தகம் கூடாது, தொலைபேசி கூடாது, வேறு குழுவோடு பேச்சும் கூடாது. வினாக்களைத் தீர்த்த பிறகு நடுவர்கள் முன் நின்று தங்கள் விடையைக் காப்பாற்ற வேண்டும். வினாக்களில் ஒன்று நடத்துகிற ஊரார் தயாரித்ததாக இருக்கவேண்டும்.

ஹென்ரிக்தான் தலைமை நடுவர். அவர் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பினார். தங்க இடம் உண்டா? ஆஸ்பத்திரி பக்கத்திலா? கண்ணிவெடி எடுத்தாகிவிட்டதா? கொழும்பில் நடத்தினால் என்ன? எல்லாவற்றுக்கும் உண்டு, பக்கம்தான், எடுத்தாகிவிட்டது, இங்கேயே நடத்துவோம் என்று எழுதினேன். சில அப்போதே உண்மையாக இருந்தன. மற்றவற்றைப் பிறகு ஓடியாடி உண்மையாக்கினோம்.

அந்த நாளில் நாலு பேர் ஒரு மண்டபத்தில் கூடுவதென்றால் படை முகாமில் சொல்ல வேண்டும். பௌதிகம் என்ற சொல்லைக் கேட்டதும் அங்கிருந்த அதிகாரியின் முகம் இறுகியது. என்ன கருவி கொண்டுவருவீர்கள், இரசாயனம் உண்டா, வயர் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இது கோட்பாட்டுப் பௌதிகம், கருவி ஒன்றும் கிடையாது, பென்சில்தான் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, அப்படியானால் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு, கையெழுத்துப் போட்டுத் தந்தார். எங்களிடம் நல்ல ஆய்வுகூடம் இல்லை என்று வருடக்கணக்காக மூக்கால் அழுதவள் நான். அன்றைக்கு முதன்முறையாக அந்த இல்லாமை உதவிக்கு வந்தது.

இடம் தன்னாமுனைப் பக்கம் வாவியோரம் கிடைத்தது. வரிசையாக அறைகள் உள்ள ஒரு பயிற்சி மண்டபம். சாப்பாடும் பஸ்ஸும் ஹனீபாவின் பொறுப்பு. ஹனீபா கணிதத்துறை விரிவுரையாளர், ஏறாவூர்க்காரர். வகையீட்டுச் சமன்பாட்டைவிட இறால் கறியில் அவருக்கு நம்பிக்கை அதிகம் என்று நான் கேலி பண்ணுவேன். மனுசன் மறுத்ததே இல்லை.

மார்க்ஸுக்குக் கேட்க முடியாதது

எங்கள் வினாவைத் தயாரிக்கிற பொறுப்பு யோகராணிக்கு, எங்களுக்கு யோகா. அடுத்த மேசைக்காரி, என்னைவிட இளையவள். அவளை 'அவர்' என்று எழுதினால் வாசித்துவிட்டு அவளே சிரிப்பாள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

ஊர் செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு தெரு. அந்தத் தெருவில்தான் பட்டணத்துக்கு பஸ் வரும். சுனாமிக்குப் பிறகு அவள் வரும்போது பஸ்ஸின் இடது பக்கத்தில் உட்காருவாள், போகும்போது வலது பக்கத்தில். இரண்டும் வாவிப் பக்கம். சீற் இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள். எனக்கு இது புரிபட ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி, ரூபன். சுனாமி வந்த அன்று, நத்தாருக்கு மறுநாள் காலையில், அவன் கடற்கரைக்குப் போயிருந்தான். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஹென்ரிக் விஷயம் தெரியாமல் ஒரு யோசனை எழுதியிருந்தார். உங்கள் கரைக்குச் சுனாமி வந்ததே, ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் உயரமும் எப்படி மாறும் என்று கேட்டால் அருமையான வினாவாக இருக்குமே என்று. கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அழகான கணக்குத்தான். நான் அதைத் தயங்கித் தயங்கி யோகாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"அத மார்க்ஸுக்குக் கேக்க ஏலாது அக்கா," என்றாள்.

பிறகு ஒரு வாரம் இருந்து வாவியைப் பற்றி ஒரு கணக்குச் செய்துகொண்டு வந்தாள். மாரி மழை பெய்கிறது. ஆறுகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் தண்ணீர் வாவிக்குள் வருகிறது. வாவியின் மட்டம் நேரத்தோடு எப்படி ஏறும், வயல் வரம்பை எப்போது தொடும்? இது முதல் பகுதி. முகத்துவாரம் வழியாக அந்தத் தண்ணீர் எப்படி வடியும்? இது இரண்டாம் பகுதி. பக்கத்தில் ஒரு படம், முகத்துவாரத்தின் அகலம் போட்டு.

அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. எங்கள் முகத்துவாரத்தை நாங்கள் ஆற்றுவாய் என்போம். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து அதன் வாயை அடைத்துவிடும். மாரி தொடங்கி வாவி நிரம்பினால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வட்டை வட்டையாக வயல்வெளி மூழ்கும். வயல்காரர் வாயை வெட்டு என்பார்கள். மீன்காரர் இப்போதே வெட்டினால் மீன் போய்விடும், பொறு என்பார்கள். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கூட்டம் கூடி, ஆளுக்கு ஆள் ஏசி, கடைசியில் வெட்டுவார்கள்.

யோகாவின் அப்பா வயல்காரர். அவள் சின்னவளாக இருந்தபோது ஒருமுறை அவளையும் தம்பியையும் வெட்டுப் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார். முதலில் மண்வெட்டியால் சின்ன வாய்க்கால்தான் கீறுவார்கள், ஓரடி அகலம் இருக்கும். பிறகு தண்ணீரே மணலை அரித்துக்கொண்டு போய் அதை ஆறாக்கிவிடும். வாய்க்கால் சின்னதாக இருக்கும்போதே ரூபன் அதற்கு மேலால் தாண்டினானாம். இவள் பயத்தில் தாண்டவில்லை. அவன் மற்றக் கரையில் நின்று பழித்துக் காட்டியிருக்கிறான். அவனைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டு சொன்ன கதை அது ஒன்றுதான்.

ஒரே பிழை, பக்கத்துப் பக்கத்து அறை

போட்டி நல்லபடியாகத் தொடங்கியது. கரண்ட் நின்றது, வந்தது. வியட்நாம் பிள்ளைகள் இடியப்பத்தைக் குச்சியால் சாப்பிடக் கேட்டார்கள். ஹனீபா தென்னோலை ஈர்க்கு சீவிக் கொடுத்தார்.

எங்கள் குழுவுக்குத் தலைவன் சுகந்தன், வாகரைப் பையன். சிங்களக் குழுவுக்குத் தலைவி நிலூகா, தெற்குக் கரையோரத்து ஊர்க்காரி. இரண்டு குழுவுக்கும் அறைகள் பக்கத்துப் பக்கம் விழுந்தன. பேசிக்கொள்வார்களோ என்று நான் பயப்படவில்லை. பேசிக்கொள்ளவே மாட்டார்கள் போலிருக்கிறதே என்றுதான் வருத்தப்பட்டேன். சாப்பாட்டு மண்டபத்தில் அவர்கள் ஒரு மூலை, இவர்கள் ஒரு மூலை. வழியில் கண்டால் இரண்டு பக்கமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கும். அவ்வளவு வருட யுத்தத்துக்குப் பிறகு 'குட்மோர்னிங்' என்று சொல்லக்கூட நாக்கு எழும்பவில்லை. தயிருக்கு ஊற்றுகிற பாணிப் போத்தல் மட்டும் ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்கு வாய் பேசாமல் போய் வந்தது.

குழுக்கள் நடுவர்கள் முன் வருமுன்னமே எங்கள் வினாவின் எழுத்து விடைகளைத் திருத்தியவர்கள் மூன்று பேர். யோகா, ஹென்ரிக், இன்னொரு வெளிநாட்டு நடுவர். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஏறுக்குமாறு. யோகா முழுப் புள்ளி போட்ட இரண்டு குழுவுக்கு மற்ற இருவரும் பூச்சியம். அவர்கள் முழுப் புள்ளி போட்டவர்களுக்கு இவள் பூச்சியம்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாம் படத்தில் முகத்துவாரத்தின் அகலத்தைக் கண்டதும் முதல் பகுதியிலேயே தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டார்கள். வருகிற தண்ணீரும் போகிற தண்ணீரும் சமமானதும் மட்டம் ஏறாமல் நிற்கும் என்பது அவர்கள் விடை. எங்கள் குழுவும் சிங்களக் குழுவும் ஒரு துளி தண்ணீரையும் வெளியே விடவில்லை. மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. ஏன் விடவில்லை என்று இரண்டு குழுவும் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஹென்ரிக் கதவைச் சாத்தச் சொன்னார். எங்கும் ஆசிரியர்கள் சொல்கிற ஒரு பேச்சு உண்டு. இரண்டு பேர் ஒரே சரியை எழுதினால் படித்திருக்கிறார்கள், ஒரே பிழையை எழுதினால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதையே அவர் மிக மரியாதையாகச் சொன்னார். அறைகள் பக்கத்துப் பக்கம். இரண்டும் இந்த நாட்டுக் குழுக்கள். வினாவைத் தயாரித்தவரும் இந்த ஊர், அவர் மட்டும்தான் அந்தப் பிழையைச் சரி என்கிறார். வினா முன்னமே வெளியே போயிருக்கலாம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் மேசையைச் சுற்றி எல்லோருடைய முகத்திலும் இருந்தது. இரண்டு குழுவையும் நீக்கவேண்டி வரும் என்றார்.

அவர் நல்ல மனிதர். அதனால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது. கெட்டவரென்றால் நாலு வார்த்தை ஏசிவிட்டு ஆறியிருக்கலாம்.

யோகா என் பக்கம் திரும்பினாள். "நான் வெளிய விட்டனாமா அக்கா?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள்.

திறந்தே கிடந்த வரைபடம்

இரண்டு குழுத் தலைவர்களையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். முதலில் சுகந்தன் வந்தான். ஏன் தண்ணீரைக் கடலுக்கு விடவில்லை என்று கேட்டதற்கு, கேள்வியே விளங்காதவன்போல் என்னைப் பார்த்தான்.

"ஆத்துவாய் மூடித்தானே மிஸ் கிடக்கும்? வெட்டினாத்தானே போகும்?"

பிறகு நிலூகா வந்தாள். அவளும் அதே முழிதான் முழித்தாள். மழை தொடங்கும்போது வாவியின் வாயில் மணல் இருக்கும், ஊரார் வெட்டும்வரை தண்ணீர் எங்கே போகும் என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள். அவளுடைய ஊரிலும் ஒரு வாவி இருக்கிறதாம். அதுவும் கோடையில் மூடுமாம். அங்கேயும் வயல்காரருக்கும் மீன்காரருக்கும் அதே சண்டையாம்.

அப்போதுதான் எனக்கும் ஹனீபாவுக்கும் மண்டையில் உறைத்தது. வினாவைத் தயாரித்தவள் யோகா. சரி பார்த்தவர்கள் நாங்கள் இருவர். வாய் மூடியிருக்கிறது என்ற ஒரு வரி அதில் இல்லை, இல்லை என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. மழை மேலிருந்து கீழே விழும் என்று யாராவது வினாத்தாளில் எழுதுவார்களா? அந்த மாதிரித்தான் எங்களுக்கு.

ஹென்ரிக் நம்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. கணினியில் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்து காட்டினார். அதில் வாவியின் வாய் அகலமாகத் திறந்து, தண்ணீர் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அது மாரியில் எடுத்த படமாக இருக்கும், இப்போது கோடை என்றேன். இருக்கலாம் என்றார் அவர்.

"போய்ப் பாப்பம்," என்றாள் யோகா. ஹென்ரிக்குக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்ன பிறகுதான் எங்கே போக வேண்டும் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கதிரையின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தாள்.

இன்னொரு பயமும் இருந்தது. ஹனீபா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டார்.

"மெடம், சுனாமி அந்தக் கரையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனதே. இப்பவும் ஆத்துவாய் மூடுதா?"

எனக்குத் தெரியாது. யுத்தகாலத்தில் அந்தப் பக்கம் போக வழியில்லை, சுனாமிக்குப் பிறகு போக மனமில்லை. கடல் பழையபடிதான் நடந்துகொள்கிறது என்று நம்பித்தான் மூன்று பேரும் அந்த வினாவை அனுப்பியிருந்தோம். யாரிடமாவது தொலைபேசியில் கேட்கவா என்றார் ஹனீபா. வேண்டாம், பிள்ளைகளையும் ஏற்றுங்கள், கண்ணால் பார்க்கட்டும் என்றேன்.

மண் இருக்கு

அப்படித்தான் பஸ் அந்த மேட்டடியில் நின்றது.

எல்லோரும் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கி மறைந்துவிட்டார்கள். நான் யோகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அலைச் சத்தம் கேட்டது. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எதையாவது சொல்லித் தேற்றவேண்டும்போல் இருந்தது.

மேட்டில் ஒரு தலை தெரிந்தது. நிலூகா. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தாள். பஸ் படியில் நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்குத் தமிழில் தெரிந்தது பத்துச் சொல்லாவது இருக்குமோ என்னவோ, அதில் மூன்றைத் தேடி எடுத்தாள்.

"மிஸ், மண் இருக்கு. வாங்க."

யோகா எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "அந்தப் புள்ள அவ்வளவு தூரம் ஓடி வந்திச்சுதே அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

மேட்டின் உச்சிக்கு ஏறினோம். எதிரே வெள்ளை மணல், ஒரு கரையிலிருந்து மறு கரைவரை. ஒரு மீன்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாவகாசமாக அக்கரையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். மணலுக்கு இந்தப் பக்கம் வாவி அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் கடல்.

யோகா நின்றாள். நிலூகா அவளுடைய கடல் பக்கமாக வந்து நின்று கையைக் கோத்துக்கொண்டாள். அப்படியே இரண்டு பேரும் நடந்தார்கள். யோகா வாவிப் பக்கம், நிலூகா கடல் பக்கம். பஸ்ஸில் யோகா எந்தப் பக்கம் உட்காருவாள் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய ஊர்க் கரையையும் அதே காலையில் அதே கடல்தான் கொண்டுபோனது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

ஹென்ரிக் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலின் நடுவில் நின்றார். யோகா அவரிடம் வந்து, கோடையில் கடல் எப்படி மணல் போடும், மாரியில் எப்படி வெட்டுவார்கள் என்று வகுப்பெடுப்பதுபோல் சொன்னாள். கையைக் கடல் பக்கமாக நீட்டிக் காட்டவேண்டிய இடம் வந்தபோது நீட்டினாள். அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்தாள். நான் அழுதேன். காற்றில் மண் விழுந்துவிட்டது என்று ஹனீபாவிடம் சொன்னேன். எனக்கும் விழுந்திட்டு மெடம் என்றார் அவர்.

எல்லாம் கேட்ட பிறகு ஹென்ரிக், பிழை வினாவில்தான், பிள்ளைகளின் விடையில் இல்லை என்றார். வாய் மூடியிருந்தால் ஒரு விடை, திறந்திருந்தால் மற்ற விடை, இரண்டுக்கும் முழுப் புள்ளி என்று அங்கேயே முடிவாயிற்று. இரண்டு குழுவையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். யோகாவிடம் தனியாகக் கேட்டார். அந்த வயதில், அந்தப் பதவியில், வெறுங்காலோடு நின்று மன்னிப்புக் கேட்ட பேராசிரியரை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

முதற்பரிசு வங்கதேசத்துக்குப் போனது. எங்கள் பிள்ளைகள் நடுவில் எங்கேயோ வந்தார்கள், சிங்களப் பிள்ளைகளும் அவர்களுக்குப் பக்கத்தில்தான். அன்றிரவுச் சாப்பாட்டில் இரண்டு மூலையும் ஒரு மேசையாயிற்று. யாருடைய ஊர் வாவி பெரியது என்று சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். ஹனீபா இன்னும் இரண்டு சட்டி தயிர் எடுப்பித்தார்.

வெட்டு

அந்த மாரியில் மழை பெய்ததைச் சொன்னால் ஊரில் இன்றைக்கும் கதை ஓடும். வாவி நிரம்பி, தெருவில் தோணி ஓடி, சனம் பள்ளிக்கூடங்களில் இருந்தது. ஒரு காலை என் தொலைபேசி அடித்தது. யோகா.

"அக்கா, ஆத்துவாய் வெட்டுறாங்களாம். வாறீங்களா? நம்மட ரெண்டாம் பகுதி சரியா எண்டு பாப்பம்."

கடலுக்குப் போக என்னை அவள் கூப்பிட்டாள். குடையையும் எடுக்காமல் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மண் அள்ளும் இயந்திரம் வருமுன்னமே ஆட்கள் மண்வெட்டியால் குறுக்கே கீறிவிட்டார்கள். வாய்க்கால் ஓரடி அகலம். வாவித் தண்ணீர் தயங்கித் தயங்கி அதற்குள் இறங்கி, கடலைக் கண்டதும் வேகம் பிடித்தது. எங்களோடு வந்திருந்த ஹனீபா, அந்தப் பக்கம் போய்விட்டால் பிறகு தோணியில்தான் திரும்ப வேண்டும் என்று எச்சரித்தார்.

யோகா செருப்பைக் கழற்றி என் கையில் தந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கடலை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு, தாண்டினாள்.

அக்கரையில் இரண்டு காலும் ஊன்றி நின்று திரும்பினாள். விளிம்பு மணல் பிடி பிடியாக இடிந்து தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அப்படியொரு சிரிப்பை நான் அவளிடம் அதுவரை கண்டதில்லை.

"அக்கா, கெதியாத் தாண்டுங்க கா," என்றாள். "அகலுது."